ஞாயிற்றுக்கிழமைச் சலுகை

போன வாரம் ஜெயபாக்கியத்தை மதுரை டாக்டரின் எடைத் தராசு மேலேயே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், எத்தனை நேரம்தான் நிற்பாள்? முதலில் அவளைக் கீழே இறக்கி விடுவோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் யோசேப்பின் மனைவி ஜெயபாக்கியம். ஒரே மகள் செல்லக்கனி. அந்த மகளைப் பெற்ற நாளிலிருந்து ஜெயபாக்கியத்துக்குத் தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு. உடம்பு பெருக்கப் பெருக்க அதுவும் பெருத்தது. குடல் இறக்கம். சித்திரை மாதத்தில் ஒருநாள் அது கல்லாக இறுகி, பாதி நாள் அவளை வாந்தியும் வேதனையுமாகப் புரட்டி எடுத்துவிட்டு, பிறகு என்ன நினைத்ததோ, தானாக உள்ளே போயிற்று.

"அடுத்த தடவை தானாப் போகாதும்மா. உயிருக்கே ஆபத்து. அறுத்துத் தைக்கணும். ஆனா இந்த எடைக்குத் தையல் நிக்காது. பதினாலு கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பத்தியம். கோதுமைக் கஞ்சி, அவரைக்காய், வாழைத்தண்டு, ஒரு கரண்டிச் சோறு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சலுகை. அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்தவர் யோசேப்பு.

"தவக்காலத்துலயே ஞாயித்துக்கெழமைக்கு ஒருசந்தி நோன்பு கெடையாது. ஆண்டவரே விட்டுக் கொடுத்த நாளை இந்த டாக்டரு புடுங்கிருவாரா?" என்று கேட்டே வாங்கிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அவரே மனைவியை ஏற்றி எடை சொன்னார். எண்பத்தாறில் தொடங்கியது வாரா வாரம் இறங்கி எழுபத்தாறுக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் நேற்று மதுரைக்கு ரயிலேறினாள். டாக்டரின் தராசு எண்பத்திரண்டு என்றது.

இனி, இன்றைய ஞாயிற்றுக்கிழமை.

முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தும் ஜெயபாக்கியம் வாயைத் திறக்கவில்லை. ரயிலிலும் பேசவில்லை, ராத்திரியும் பேசவில்லை. அவள் திட்டினால் யோசேப்பு தாங்குவார். பேசாமல் இருந்தால் தாங்க மாட்டார்.

"பாக்கியம், அந்த டாக்டரு தராசு துருப்புடிச்சுக் கெடக்கு. நான் பாத்தேன்."

அவள் முக்காட்டுத் துணியை நான்காக மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஆசுபத்திரித் தராசுக்கு எவன் முத்திரை போடுறான்? நம்ம கடைத் தராசு வருசா வருசம் சர்க்கார் முத்திரை வாங்குது."

"தராசு மேல எனக்குச் சந்தேகமில்ல" என்றாள் ஜெயபாக்கியம். "நிறுத்த ஆளு மேலதான்."

அடுப்படியிலிருந்து செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "நானும் பாத்துருக்கேம்ப்பா. அம்மா தராசுல ஏறினதும் நீங்க உதட்டை அசைப்பீங்க. அம்மாவுக்காக ஜெபம் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

யோசேப்பு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"கழிவு போட்டேன்."

"என்ன கழிவு?"

"வழக்கமாப் போடுறதுதான்."

ஏலக்காய்க் கடையில் மூட்டையின் முழு எடையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கோணிக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, தூசி துரும்புக்கு ஒரு கழிவு. இருபது வருஷத்துக்கு மேலாக இப்படிக் கழித்துக் கழித்தே பழகிய வாய்க்கு முழு எடை சொல்ல வராது. மனைவியானால் என்ன, மூட்டையானால் என்ன?

"சேலைக்குக் கழிச்சேன். தாலிச் செயினு, வளவி, அதுக்குக் கொஞ்சம். நீ சனிக்கெழமை தலைக்கு ஊத்திட்டு ஈர முடியோட வருவே. அதுக்கு ஒரு அரைக்கிலோ."

"என் முடிக்கு ஈரக் கழிவா!"

"அப்பத்தான் தின்ன இட்லி உன் எடையாகுமா? அதையும் கழிச்சேன்."

"அது தூசி துரும்புக் கணக்கும்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு கனி. ஏங்க, சேலை, நகை, ஈரம், இட்லி எல்லாஞ் சேத்தாலும் மூணு கிலோ வருமா? ஆறு கிலோ எங்க போச்சு?"

யோசேப்பின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வாரம் எடை எறங்கலை. உன் மொகம் வாடிப்போச்சு. அடுத்த வாரம் எப்படியும் எறங்கத்தானே போகுதுன்னு முன்கூட்டியே கொஞ்சம் கழிச்சேன். அடுத்த வாரமும் எறங்கலை. அதுக்கு அடுத்த வாரமும்..."

ஜெயபாக்கியத்துக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் வாய்வரை வந்து, இரண்டையும் விழுங்கினாள். இந்த மனிதருக்கு அவள் முகம் வாடினால் உலகமே வாடிவிடும். கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"கழிச்சது நீங்க. தின்னது நானு" என்றாள். "உங்களை மட்டும் சொல்லி என்ன செய்ய?"

"ஒரு நாள்தானே பாக்கியம் சாப்பிட்டே."

"ஒரு நாளா? சனிக்கெழமை ஏலம் முடிஞ்சு வாரப்ப வாழையிலையில வடை கட்டிக் கொண்டாருவீங்க. நாளைக்குத்தான் உண்டே, இன்னைக்கு ராத்திரி என்ன பெரிய வித்தியாசம்னு நானும் திம்பேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் கறிச்சோறு. ராத்திரி அதே குழம்புக்கு நாலு தோசை. திங்கக்கெழமை அந்தக் குழம்பைச் சுண்ட வச்சா வாசம் தெருவைத் தூக்கும். வீணாக்கக் கூடாதுன்னு அதையும் வழிச்சு நக்குவேன். என் ஞாயித்துக்கெழமை சனிக்கெழமை சாயங்காலமே வந்து எறங்கி, செவ்வாய்க்கெழமை காலையிலதான் மூட்டை முடிச்சைக் கட்டுது."

யோசேப்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க மருந்து வாங்கப் போனப்ப டாக்டரைக் கேட்டேன். வாரத்துல ஒரு நாள் விடலாமான்னு. தாராளமா விடலாம்மா, மறுநாள் ஒழுங்காத் திரும்பி வரத் தெரிஞ்சவங்களுக்குன்னாரு. அவரு வேற யாருக்கோ சொன்னது. எனக்குத் திரும்பி வரத் தெரியலை. நாலு மாசம் பாத்தாச்சு."

"அதுனால?"

"அதுனால ஆபரேசன் முடியறவரைக்கும் எனக்கு ஞாயித்துக்கெழமையும் கெடையாது, பெருநாளும் கெடையாது."

யோசேப்பு தலையை ஆட்டினார். மனசாரத்தான் ஆட்டினார். "சரி, நாளையிலேருந்து..."

"இன்னைக்கு என்ன கெழமை?"

"பாக்கியம், இன்னைக்கு எங்க போறோம்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற ஞானப்பூ, தன் மகன் பெத்துராஜுக்குச் செல்லக்கனியைக் கேட்டிருந்தாள். புருஷன் போனபின் தனியாளாகத் தோட்டத்தைக் கட்டி ஆளுகிறவள். ஆனி மாதம் பெண் பார்க்க வந்தார்கள். வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள், சோறு சாப்பிடவில்லை. பேச்சு முடியாத வீட்டில் யாரும் சோறு சாப்பிடுவதில்லை அல்லவா? இன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர்களை அங்கே விருந்துக்கு அழைத்திருந்தார்கள். இவர்கள் அந்த வீட்டு இலையில் கை நனைக்க வேண்டும். அவர்களும் கூட உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். அப்படி நடந்துவிட்டால் ஓலை எழுதாமலே கல்யாணம் உறுதி. இலையை ஒதுக்கிவிட்டு எழுந்தால் அதற்குமேல் பேச்சே கிடையாது.

புறப்படும்போது செல்லக்கனிதான் அம்மாவின் வயிற்றைச் சுற்றி அகலத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். புடைப்பு வெளியே தள்ளாமல் இருக்க டாக்டர் சொன்ன ஏற்பாடு. இந்த நாலு மாதமாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான். அம்மா அடுப்படியில் வடைச் சட்டியைத் திறந்தால் "ம்கூம்!" என்று கனைப்பவளும் அவள்தான்.

துண்டின் முடிச்சைப் போட்டுவிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.

"அம்மா."

"என்னத்தா?"

"இன்னைக்கு மட்டும் சாப்பிட்டுருங்கம்மா."

ஜெயபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். மகள் முகத்தைக் காட்டவில்லை.

"எனக்கு அவங்களைப் புடிச்சிருக்கு" என்றாள் செல்லக்கனி, துண்டின் முடிச்சிடம்.

மகளின் தலையைத் தொட்டுவிட்டு ஜெயபாக்கியம் வெளியே வந்தாள்.   தனக்காக இருந்தால் யாரையும் எதிர்த்து நின்றுவிடலாம். இது அப்படியா?

வாசலில் மொக்கையன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். யோசேப்பு கடைக்கு லோடு ஏற்றி இறக்குகிறவன். இந்த மலையின் வளைவெல்லாம் அவன் உள்ளங்கை.

"யக்கா, முன்னாடி ஏறுங்க. பின்னாடி தூக்கிப் போடும். மொதலாளியைப் போட்டா பரவாயில்ல."

"டேய்!" என்றார் யோசேப்பு, பின்னால் ஏறிக்கொண்டே.

அடிவாரத்து முந்தல் ஊர் தாண்டி மலையேற்றம் தொடங்கியது. யோசேப்பு முன் சீட்டுப் பக்கம் குனிந்து மெதுவாகப் பேச நினைத்தார். ஜீப்பு போட்ட சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"வியாதி விசயம் வாயிலேயே வரக்கூடாது. தாயி சீக்காளின்னா மகளையும் ஒரு மாதிரியாத்தான் பாப்பாங்க. நல்லபடியா ஒரு வாய் சாப்பிடு. ஒரே ஒரு நாள். வேணுமின்னா நாளைக்கு ரெண்டு வேளை பட்டினி கெட."

"நாளைக்கு யாரு கண்டா?" என்றாள்.

மொக்கையன் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி, "நானும் பீடியை விட்டவன்தேன் யக்கா" என்றான். "ஒரேடியா விட முடியலைன்னு வெள்ளிக்கெழமைக்கு மட்டும் ஒண்ணுன்னு வச்சேன்."

"பரவாயில்லையே."

"என்னத்த பரவாயில்ல? வாரம் பூராம் வெள்ளிக்கெழமை எப்ப வரும்னே நெனப்பு ஓடுது. வந்தன்னிக்கு ஒரு கட்டு காலி. முந்தி தெனம் மூணு பீடிதான் குடிச்சேன்."

யோசேப்பு பின்னாலிருந்து, "வண்டியப் பாத்து ஓட்டுடா" என்றார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பள்ளம். ஜீப்பு ஒரு குதி குதித்தது. ஜெயபாக்கியத்துக்கு அடிவயிற்றில் யாரோ உள்ளிருந்து விரலை நீட்டியது போல இருந்தது. துண்டுக்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். போகவில்லை. இன்னும் அழுத்தினாள். கீழே போடி ஊரும் கண்மாயும் மேகத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்தன. நெற்றியில் வேர்த்துவிட்டது. இரண்டு வளைவு கழித்து, மெல்ல உள்ளே நழுவியது.

யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று யோசேப்பு நினைத்துக்கொண்டார்.

கேரள எல்லைச் செக்போஸ்ட்டு தாண்டிச் சாரல் பிடித்துக்கொண்டது. ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து ஞானப்பூ வீட்டுக்குச் செங்குத்தாக ஓர் ஏற்றம். மண்ணில் வெட்டிய படி. ஜெயபாக்கியம் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் ஏறினாள். மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது மேலே வாசலில் ஞானப்பூ நின்றிருந்தாள். ஒட்டி உலர்ந்த உடம்பு, இடுப்பில் சொருகிய கொசுவம். ஏலச்செடிக்குள் நடந்தே தேய்ந்த கால். உட்கார்ந்ததை இரண்டு தடவையும் அவள் பார்த்துவிட்டாள்.

"வாங்க மதினி. வாங்கண்ணே. மெல்ல வாங்க, மழையில வழுக்கும்."

உள்ளே பாய் விரித்து வரிசையாக இலை போட்டிருந்தது. பெத்துராஜ் கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சாந்தமான பையன். ஜெயபாக்கியத்துக்கு அவனைப் பார்த்ததும் மகள் சொன்னது ஞாபகம் வந்தது.

உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். ஞானப்பூவே பரிமாறினாள். நெய்ச்சோறு குவிந்தது. அதன் தலையில் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்ற, சரிவில் மஞ்சளாக எண்ணெய் வழிந்தது. ஈரல் வறுவல். முட்டை. தோட்டத்தில் அன்றைக்கு உலர்த்திய ஏலக்காயை நசுக்கிப் போட்ட பாயசம் ஓரத்தில்.

விடிகாலைக் கஞ்சி எப்போதோ கரைந்து போயிருந்தது. ஜெயபாக்கியத்தின் பசி ஒரு நாள் பசியா? நாலு மாதம் கோதுமையைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த பசி. கை தானாக இலைப் பக்கம் போயிற்று.

"கொறச்சுக்கூட வைக்கட்டா மதினி?" ஞானப்பூ எல்லையோரத்துக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவள்; இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்பதைத்தான் அப்படிக் கேட்டாள். "உங்களுக்கு இது எம்மாத்திரம்?"

பக்கத்திலிருந்த உறவுக்காரி களுக்கென்று சிரித்தாள். யோசேப்பும் கூடச் சிரித்து வைத்தார். சாப்பிடு, சாப்பிடு என்று கண்ணால் கெஞ்சினார்.

ஜெயபாக்கியம் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மதினி, ஒரு வார்த்தை."

யோசேப்பு இருமினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குக் குடல் எறங்கியிருக்கு. அறுத்துத் தைக்கணும். எடை எறங்கினாத்தான் டாக்டரு கத்தியத் தொடுவேங்கிறாரு. சித்திரையில ஒருக்க இறுகி, பொழச்சதே பெரும்பாடு. என் மகளை உங்க வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனசாரச் சம்மதம். கை நனைக்காமப் போக மாட்டேன். ஆனா இந்த இலையில இருக்கிறது எனக்கு ஆகாது. ஒரு கரண்டி வெறுஞ்சோறு, ஒரு காயி, கொஞ்சம் மோரு. அதுல கை நனைக்கிறேன்."



உறவுக்காரிதான் முதலில் பேசினாள். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒரு நாளைக்குச் சாப்பிட்டா என்ன ஆயிரும்?"

"அதத்தான் நானும்..." என்று தொடங்கினார் யோசேப்பு.

"ஒரு நாள், ஒரு நாள்னுதான் இம்புட்டு நாளும் போச்சு" என்றாள் ஜெயபாக்கியம்.

ஞானப்பூ குழம்பு வாளியைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீங்க இதைச் சொல்லலையே மதினி."

"சொல்லலை. சொன்னாப் பேச்சு நின்னுரும்னு பயந்தோம்."

"இப்ப அந்தப் பயம் இல்லையா?"

"இருக்கு. வர்ற வழியில ஒரு வளைவுல புடைப்பு வெளிய வந்துருச்சு. இறுகிருமோன்னு உக்காந்துருந்தேன். அந்தப் பயம் இதைவிடப் பெருசு."

யோசேப்பு திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு இருமல் நின்றுவிட்டது.

ஞானப்பூ குனிந்தாள். பரிமாறிய இலையை இரண்டு கையாலும் அப்படியே தூக்கினாள்.  விருந்தாளி தொடுமுன் இலையை எடுப்பதா? அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வேறு இலை. ஒரு கரண்டிச் சோறு, தோட்டத்து ஆட்களுக்கு வைத்திருந்த பீன்ஸ் பொரியல், ஒரு தம்ளர் மோர்.

"மதியா?"

"போதும் மதினி."

ஜெயபாக்கியம் சாப்பிட்டாள். அவசரப்படாமல், ஒரு பருக்கை விடாமல், தலை நிமிர்ந்து சாப்பிட்டாள். பக்கத்தில் யோசேப்புக்குக் கறி இறங்கவில்லை.

எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றுதான். இப்போது ஞானப்பூ ஓர் இலை போட்டு அருகில் உட்கார வேண்டும். அவள் உட்காரவில்லை. "நான் பொறவு சாப்பிடுறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். கை கழுவும்போதும், வெற்றிலைத் தட்டு நீட்டும்போதும் மதினி என்றே கூப்பிட்டாள். சம்பந்தி என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை.

புறப்படும் நேரத்தில் அவளே படிவரை கூட வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மூடியைத் தாண்டிக் கறி வாசம் வந்தது.

"மகளுக்குக் கொண்டு போங்க."

ஜெயபாக்கியம் வாங்கிக்கொண்டாள்.

"சட்டியை யாருகிட்டயும் கொடுத்தனுப்ப வேண்டாம் மதினி. நீங்களே கொண்டாங்க. அறுத்துத் தச்சு, நல்லாகி, நடுவுல எங்கயும் உக்காராம இந்த ஏத்தத்துல ஏறி வாங்க. அன்னிக்கு உங்க பக்கத்துல இலை போட்டு நான் உக்கார்றேன். தவக்காலம் பொறந்துட்டாக் கல்யாணம் வைக்க முடியாது, அதுக்கு முன்னாடி வந்துருங்க."

யோசேப்பு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதுக்குள்ள முடியலைன்னா?"

"பூப்பாறையில ஒரு எடம் சொல்லியிருக்காங்கண்ணே" என்றாள் ஞானப்பூ. "நான் ஒளிக்கலை. சொல்லிட்டேன்."

இறக்கத்தில் ஜீப்பு ஊர்ந்தது.  மடியில் சட்டி சூடாக இருந்தது.

"முறிச்சுட்டா" என்றார் யோசேப்பு. "மரியாதையா முறிச்சுட்டா. அவ்வளவுதான்."

"நல்ல சட்டியைக் கொடுத்துருக்கா. முறிக்கிறவ இலையில கட்டிக் கொடுத்துருப்பா."

"நீ ஒரு ஆளு! ஒரு கை நெய்ச்சோறு உள்ள போயிருந்தா இந்நேரம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கை முன் சீட்டுக்கு வந்து அவள் தோளில் தங்கியது. "வளைவுல வலிச்சுதுன்னு ஏன் பாக்கியம் சொல்லலை?"

"சொன்னா உங்க மொகம் வாடும்."

போடிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செல்லக்கனி வாசலிலேயே நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள் என்று அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"கை நனைச்சீங்களா?"

"நனைச்சேன்."

"அவங்க அம்மா?"

ஜெயபாக்கியம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இலை, மோர், உட்காராமல் போனது, ஏற்றம், பூப்பாறை. யோசேப்பு சட்டையைக் கழற்றும் சாக்கில் உள்ளே போய்விட்டார்.

செல்லக்கனியின் கண் நிறைந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"நான் கேட்டேன்லம்மா. வாயைத் திறந்து கேட்டேன்ல. இன்னைக்கு ஒரு நாள் நீங்க சாப்பிட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏம்மா?"

"உன் கல்யாணத்தன்னிக்கு நான் சொவத்துல போட்டோவா இருக்கக் கூடாதுன்னுதான்."

செல்லக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா நீட்டிய தூக்குச்சட்டியை வாங்கவில்லை. ஜீப்பைப் பூட்டிக்கொண்டிருந்த மொக்கையனைக் கூப்பிட்டாள்.

"மொக்கையண்ணே, அடுப்படியில வேற ஏனம் எடுத்துட்டு வாங்க. இதை மாத்தி உங்க புள்ளைகளுக்குக் கொண்டு போங்க. சட்டி மட்டும் இங்க இருக்கணும்."

"ஏத்தா, நீ ஒரு வாய்கூட..."

"எனக்கு வேண்டாம்ணே."

மொக்கையன் அக்காவைப் பார்த்தான். ஜெயபாக்கியம் கொடுக்கச் சொல்லித் தலையை அசைத்தாள்.

செல்லக்கனி விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. கோபமா, அழுகையா என்று வெளியே இருந்தவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளாகவே இருந்தாலும் எல்லாமும் தெரிந்துவிடுமா? கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் வந்தது.

"உங்ககூட நான் பேச மாட்டேன். எத்தனை நாளைக்குன்னு தெரியாது. கஞ்சி வேணும்னா வச்சுத் தர்றேன்."

"பேசாட்டிப் போ" என்றாள் ஜெயபாக்கியம், வயிற்றுத் துண்டின் முடிச்சை அவிழ்த்தபடி. "உப்பைக் கம்மியாப் போடு."